படம் தெரிகிறதே, போதாதா?

கருத்தரங்கத் தொகுப்பு ஒன்றின் பதிப்புக் குழு அனுப்பிய அறிவிப்பில் ஒரு விதி: படங்கள் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள், 600 பிக்சல் அகலத்துக்குள் இருத்தல் வேண்டும். மூலப் படங்களைத் தனியே அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். "படம் தெரிகிறதே, போதாதா?" என்று பதில் வந்தது. குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த மனப்பாங்கு ஒரு குழுவுக்கு மட்டும் உரியதன்று.

மேற்கோளில் ஓர் ஒற்று விடுபட்டாலும் ஆய்வேட்டைத் திருப்பித் தரும் அறிஞர்கள், ஒரு நிழற்படத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை எறிந்துவிடச் சொல்லும்போது ஒரு கணமும் தயங்குவதில்லை. இது மிகைக் கூற்றன்று. 6000க்கு 4000 என வருடிய படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 600க்கு 400 ஆக்கினால் எஞ்சுவன 2 லட்சத்து 40 ஆயிரம். அதே அறிவிப்பின் அடுத்த வரி, படங்கள் 300 டிபிஐ தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது! 600 பிக்சலை அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் கிடைப்பது இரண்டு அங்குல அகலம். எழுதியவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்த்திருந்தால் இரண்டு விதிகளில் ஒன்றையாவது நீக்கியிருப்பார்கள்.

எறியப்படுவது எது என்பதற்கு என் ஆய்வுக் களத்திலிருந்தே சான்று தருகிறேன். தில்லியின் அரசு ஊழியர் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றியது என் ஆய்வு. லக்ஷ்மிபாய் நகர் அவற்றுள் ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று அங்கேதான் இயங்குகிறது. இம்மக்களின் அன்றாடத்தை அரசுக் கோப்புகள் பேசா. ஒதுக்கீட்டு ஆணையில் பெயர், பதவி, வீட்டெண் இருக்கும். பொங்கல் விழாவில் யார் யார் சேர்ந்து நின்றார்கள், மாடிப்படி ஓரத்தில் என்ன செடி வைத்தார்கள் என்பதெல்லாம் குடும்ப ஆல்பங்களில்தான் உண்டு. அண்டையிலுள்ள சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. 2018இல் மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டதும், தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். மரங்களுக்கேனும் வழக்காட ஆள் இருந்தது. அந்த வீடுகளின் முகப்பும் முற்றமும் இனிப் படங்களில் மட்டுமே.

அத்தகைய குழுப்படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான்கு வரிசைகளில் ஏறத்தாழ அறுபது பேர். பின்னே தமிழில் எழுதிய துணிப் பதாகை. 6000 பிக்சல் அகலத்தில் வரிசையிலுள்ள ஒவ்வொருவருக்கும் 400 பிக்சல் கிடைக்கிறது. அன்று முன்வரிசையில் சம்மணமிட்டிருந்த சிறுமி, இன்று எழுபது வயதில், கடைசி வரிசையில் நிற்பவர் தம் சித்தப்பாதான் என்று சொல்ல இது போதும். 600 அகலத்தில் ஒருவருக்கு 40. முகத்துக்கு 20 தேறினால் அதிகம். பதாகையின் எழுத்துகளுக்குச் சிலவே மிஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிக்சல்கூட வாராது. புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகும், 'மண்' 'மண' ஆகும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படம் அப்போதும் "தெரியும்". அதைப் படிக்கத்தான் இயலாது.

சுருக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. அச்சுக்கும் திரைக்கும் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் சுருக்குதல் என்பது இருக்கும் பிக்சல்களிலிருந்து புதிய பிக்சல்களைக் கணக்கிட்டு உண்டாக்கும் வேலை. அக்கணக்கில் நல்லதும் தீயதும் உண்டு. மிக எளிய முறை, அருகிலுள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுத்துக்கொண்டு ஏனையவற்றைத் தாண்டிவிடும். பைகியூபிக், லான்சோஸ் போன்ற முறைகள் சுற்றியுள்ள பல பிக்சல்களையும் நிறுத்துக் கலக்கின்றன. நம் நூலகங்களில் வருடப்பட்ட பழந்தமிழ் நூல்கள் பல, சாம்பல் நிறமே இல்லாத தூய கறுப்பு-வெள்ளைக் கோப்புகள். அந்த நிலையிலேயே அவற்றைச் சுருக்கினால், பைகியூபிக்கைத் தேர்ந்திருந்தாலும் பயனில்லை; கலப்பதற்குச் சாம்பல் நிறம் வேண்டுமே! மென்பொருள் எளிய முறைக்கே திரும்பும். முழு முழு வரிசைகள் விடுபடும். அவற்றோடு புள்ளிகளும் போகும். முதலில் சாம்பல் அளவுக்கு மாற்றிய பிறகே அளவைத் தொட வேண்டும். ஒரே ஒரு சொடுக்கு. நம் ஆய்வு முறையியல் வகுப்புகளில் இதைச் சொல்லித் தருவோர் யார்?

சாய்வைத் திருத்துவதிலும் இதே கதைதான். படத்தை இரண்டு பாகை திருப்பி, என்டர் தட்டி, போதவில்லை என்று இன்னும் அரைப் பாகை திருப்பி, பிறகு சுருக்கி, பெரிதாக வேண்டும் என்று மீண்டும் விரித்து முடிக்கும்போது, ஒவ்வொரு என்டரிலும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டு, முந்தைய மங்கலின் மேல் இன்னொரு மங்கல் ஏறியிருக்கும். சுருக்கியதை விரித்தால் போன விவரம் மீளாது. ஃபோட்டோஷாப்பில் 2005 முதலே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்னும் வசதி இருக்கிறது. மூலப் பிக்சல்களை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனை முறை மாற்றினாலும் மூலத்திலிருந்தே கணக்கிடும். கிம்ப் பயன்படுத்துவோர் மூல அடுக்கின் படி ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு, திருப்பலையும் அளவு மாற்றத்தையும் ஒரே செயலாக முடிக்கலாம். இடையில் ஜேபெக்காகச் சேமிப்பது தனிக் கேடு. அவ்வடிவம் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து நுண் விவரங்களைக் கழிக்கிறது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்தோறும் மறுபடி கழிக்கிறது. வேலை முடியும்வரை டிஃப், கடைசியில் ஒருமுறை மட்டும் ஜேபெக் என்பது பெரிய கலையொன்றும் அன்று.

சுருக்கம் எழுத்தை மங்கச் செய்வதோடு நிற்காமல் மாற்றியும் விடக்கூடும். 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர், செராக்ஸ் நிறுவன வருடிகள் கட்டட வரைபடத்தின் எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். 14.13, 21.11, 17.42 என வெவ்வேறு பரப்புடைய மூன்று அறைகளும் படியில் 14.13 ஆகிவிட்டன. ஒத்த தோற்றமுள்ள சிறு துண்டுகளை ஒன்றாகவே சேமிக்கும் சுருக்க முறையே காரணம். எண்கள் பளிச்சென்று தெரிந்தன; ஆனால் தவறாகத் தெரிந்தன. "தெரிகிறதே" என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

இப்போது புதிதாக ஒரு சமாதானம் புறப்பட்டிருக்கிறது: செயற்கை நுண்ணறிவு பெரிதாக்கித் தந்துவிடுமே, கவலை ஏன்? 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பல்ஸ் என்னும் நிரல், பிக்சல் குறைந்த ஒபாமாவின் படத்திலிருந்து ஒரு வெள்ளையரின் முகத்தை வரைந்து கொடுத்தது. அது மீட்பன்று, புனைவு. நம் சித்தப்பாவின் 20 பிக்சல் முகத்துக்கும் அது ஒரு தெளிவான முகம் தரும். யாருடைய முகம்?

இடமும் செலவும் பற்றிய மறுப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. பல துறைகளின் வழங்கிகள் எளியவை. மாணவர்களின் இணைய வசதியும் அப்படியே. அதற்கு விடை இரண்டு படிகள்: படிப்போருக்குச் சிறியது, சரிபார்ப்போருக்கு மூலம். ஆயிரம் ரூபாயில் வாங்கும் ஒரு பென்டிரைவ் ஓர் ஆய்வேட்டின் எல்லா மூலப் படங்களையும் தாங்கும். உயிரியலாளர்கள் இதை எப்போதோ உணர்ந்தார்கள். 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' 2002 முதல், வெளியிட ஏற்ற கட்டுரைகளின் படங்களைச் சோதித்து, ஐயம் எழுந்தால் மூலத்தைக் கேட்கிறது. கல்வெட்டுப் படியையும் ஓலையையும் குடும்பப் படத்தையும் சான்றாகக் கொள்ளும் நாம் மட்டும் ஏன் விலக்கு?

நம் துறைகளிடம் நான் கேட்பது இவ்வளவே. அளவு வரம்பு வாசிப்புப் படிக்கு மட்டும் பொருந்தட்டும். மூலக் கோப்பை ஆய்வேட்டுடன் பெற்று நூலகத்தில் வையுங்கள். படத்தின் அடியில் 'நன்றி' என்று எழுதும் இடத்திலேயே, எந்த அளவில் வருடியது, எவ்வளவு சுருக்கியது, திருப்பியது, வெட்டியது என ஒரு வரி கட்டாயமாகட்டும். அந்த வரி இல்லாத படத்தை, பக்க எண் இல்லாத மேற்கோளைத் திருப்பி அனுப்புவதுபோலத் திருப்பி அனுப்புங்கள். மேற்படிக் குழுவுக்கும் இதையே எழுதி, மூலப் படங்களை இணைத்து அனுப்பியிருக்கிறேன். கோப்பின் அளவு வரம்பை மீறுவதாகத் தானியங்கிப் பதில் வந்துள்ளது. நாளை மீண்டும் அனுப்புவேன்.