கடைசி நேரத்தில் மனநல மருத்துவம் மீது ஆர்வமா? பிரிவு மாற முடியுமா?

திண்டுக்கல் மாவட்டம் ஆடலூர் மாதிரி மலைக்கிராமத்தில் பணியாற்றும் அரசு மருத்துவர் ஒருவர், அறுவை சிகிச்சைப் பிரிவுக்காகப் படித்துவிட்டு, கடைசியில் மனநல மருத்துவத்துக்கு மாறலாமா?

தாராளமா மாறலாம். முதுநிலை நீட் எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வுதான். பிரிவைக் கலந்தாய்வில் தேர்வு செய்தால் போதும். அமெரிக்கா போல பரிந்துரைக் கடிதம், நேர்காணல் கிடையாது. தொலைதூர, கடினப் பகுதிப் பணிக்கு 30% வரை ஊக்க மதிப்பெண் வழங்கவும் விதிகளில் இடமுண்டு.

சிக்கலும் இங்கேதான். ரேங்க் இருந்தால் சீட். ஆர்வம் நிஜமா என்று யாரும் கேட்பதில்லை. எம்.டி. படிப்பு 3 ஆண்டுகள். எனவே மாவட்ட மனநலத் திட்ட முகாம்களில் சில நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தேவையும் பெரிசு. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பாதிப்பின் வகையைப் பொறுத்து 70 முதல் 92% பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. தாமதமாக வந்தாலும், விரும்பி வருபவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.