முதிர்ச்சி என்னும் நுழைவுச்சீட்டு

பெங்களூரில் மேசை வேடமேற்பு ஆட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்புகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘முதிர்ச்சியுள்ள ஆட்டக்காரர்கள் மட்டும்’. வயதைக் குறிக்கும் தொடராக இருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது வயதைக் குறிப்பதில்லை. பாத்திரத்தின் குரலில் பேசுபவரும், பாத்திரத்துக்கு நான்கு பக்கம் பூர்வகதை எழுதி வருபவரும் முதிர்ந்தவர்கள். எண்களைக் கூட்டிக் கழித்து, எந்த வாளால் எவ்வளவு சேதம் விளையும் என்று கணக்கிட்டு, அரக்கனை வீழ்த்தியதில் மகிழ்பவர் முதிராதவர். அத்தொடரின் நடைமுறைப் பொருள் இதுவே. இத்தரவரிசைக்கு அடிப்படை ஏதுமில்லை என்பதும், நம் நகரில் அது வேறொரு வேலையைச் சத்தமின்றிச் செய்து வருகிறது என்பதும் என் வாதம்.

முதலில் வரலாறு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. அது போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்த பிள்ளை. கணக்கு அதன் தாய்ப்பால். மூன்றே ஆண்டுகளில், 1977இல், ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழில் லூயிஸ் பல்சிஃபர் ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்: ஆட்டத்தை ஆட்டமாகவே ஆட விரும்புவோர், அதைக் கற்பனைப் புதினமாக்க விரும்புவோர். அவர் நின்றது முதல் அணியில். திறமைக்கு வேலை வைக்கும் ஆட்டமே அவர் பார்வையில் மேலானது. 1980இல் ‘டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் கிளென் பிளேகோ இரண்டை நான்காக்கினார். 1999இல் ரான் எட்வர்ட்ஸ் அறைகூவல், கதை, உலகப் பாவனை என மூன்று நோக்கங்களை முன்வைத்தார். அவரே 2006இல், சில கதைசார் ஆட்டங்கள் தம்மை ஆடியோரின் மூளைக்குச் சேதம் விளைவித்துவிட்டன என்று எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். வகைப்படுத்த உட்கார்ந்தவர் நோயறிய எழுந்த கதை இது.

ஜான் பீட்டர்சனின் ‘தி எலூசிவ் ஷிஃப்ட்’ (2020) நூலில் தொடக்ககால விவாதங்களைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். ‘முதிர்ந்த ஆட்டம்’ எது என்பதற்கான விடை, எழுதுகோல் எவர் கையில் இருந்ததோ அவருடைய விருப்பத்தோடு ஒத்துப்போயிற்று. 1977இல் கணக்கறிந்தவர் தேர்ந்தவர், கதைப்பித்தர் கற்றுக்குட்டி. இன்று அது தலைகீழ். மனித உளவளர்ச்சி இவ்வளவு விரைவில் திசை மாறாது, மாறியது ரசனை.

இனி நம் நகரம். கோரமங்கலாவிலும் இந்திராநகரிலும் ஆட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பல மொழியினர் கூடும் மேசைக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாத்திரத்தின் குரலில், அந்த நொடியில், நகைச்சுவையும் துயரமும் கலந்து ஆங்கிலத்தில் பேசுவதற்கு ஆங்கிலம் பாடமாக இருந்தால் போதாது. வீட்டில் புழங்கியிருக்க வேண்டும். தமிழ்வழியிலோ கன்னடவழியிலோ படித்துவிட்டு வந்த மாணவர், ‘வெட்டுகிறேன், பதினேழு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். உடனே அவர் ‘ஆழமற்றவர்’ ஆகிவிடுகிறார். எண்கள் அவருக்குத் தடையின்றிக் கிடைத்த ஒரே மொழி என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த நாக்கை மனமுதிர்ச்சி என்று பெயர் மாற்றுவதை நாம் வேறு துறைகளில் எவ்வளவு கூர்மையாகக் கண்டிக்கிறோம்! ‘ரேடியண்ட் சிட்டடல்’ தொகுப்பில் (2022) மிமி மண்டல் இந்திய நிலத்தின் சாயலில் ஒரு சாகசம் எழுதியதைக் கொண்டாடியவர்கள் நாம். கதைக்குள் நம் நிலம் வந்துவிட்டது, மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளின் வரிசை மட்டும் மாறவில்லை.

நான் கண்ட ஓர் ஆட்டம். தோழி ஒருத்தியின் பாத்திரம் உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு வீழ்ந்தது. ஐந்தாம் பதிப்பு விதிப்படி, இனி ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, அதாவது 55 விழுக்காடு. மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. ‘முதிர்ந்தவர்’ என்று பெயர் பெற்றிருந்த ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் குற்றவுணர்ச்சி குறித்து நெடுநேரம் பேசினார், நன்றாகவே பேசினார். மூலையில் இருந்த ‘கணக்குப்பிள்ளை’ இரண்டு மணி நேரமாக ஒரு மந்திரத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தார். அறுபது அடித் தொலைவிலிருந்தே காயம் ஆற்றும் மந்திரம் அது. எவரேனும் வீழ்வர் என்று முன்பே கணித்திருக்கிறார். ஒரு சொல்லும் நீட்டாமல் அதை எடுத்து வைத்தார். அக்கணக்குக்குள் இருந்த பரிவை வசனமாக எழுதிக் காட்டினால்தான் நம் கண்ணுக்குத் தெரியுமா?

விதி வேறு, வேடம் வேறு என்ற பிரிவினையே ஐயத்துக்குரியது. இதே ஊரில், தர்மராயர் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் கரகம் புறப்படுகிறது. திகளர் சமூகத்துப் பூசாரி பெண்ணுடை தரித்துத் திரௌபதியின் கரகத்தைத் தலையில் ஏந்துகிறார். கையால் பிடிக்கக் கூடாது. வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவர். சரியவிட்டால் வெட்டுவர் என்பது வழிவழி வந்த பேச்சு. அவர் அங்கே வேடத்தில் திளைக்கிறாரா, சமநிலையைக் கணக்கிடுகிறாரா என்று கேட்பவரை நகரத்துப்பேட்டை வியப்போடு பார்க்கும். கழுத்தின் கணக்கு பிசகினால் திரௌபதியும் இல்லை. (சடங்கும் ஆட்டமும் ஒன்றல்ல என்று பின்னூட்டத்தில் எழுதப்போகும் நண்பருக்கு: அறிவேன்.)

அப்படியானால் முதிர்ச்சியின்மை என்றே ஒன்றில்லையா? உண்டு, நிறைய உண்டு. கேரி ஆலன் ஃபைன், கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைக் கைக்கொண்டு, 1983இல் வெளிவந்த ‘ஷேர்ட் ஃபேன்டஸி’ நூலில் மூன்று தளங்களைப் பிரித்தார்: மேசையில் அமர்ந்திருக்கும் மனிதர், விதியை ஆளும் ஆட்டக்காரர், கதைக்குள் உலவும் பாத்திரம். முதிர்ச்சி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால் அது முதல் தளத்தில் மட்டுமே இருக்கும். எதிரே இருப்பவள் முகம் வாடுவதைக் கவனிக்கிறோமா, பேசாதவருக்கு முறை விடுகிறோமா என்பவை அங்கே எழும் கேள்விகள். அத்தளத்தில் நிகழும் மோசமான மீறல்கள் பலவும் எந்த வாசகத்தோடு வருகின்றன? ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்.’ பெண்ணொருத்தி ஏற்ற பாத்திரத்தை இழிவுபடுத்திவிட்டு இவ்வாசகத்தின் பின்னே ஒளிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இது கணக்குப்பிள்ளையின் வாசகமன்று, திளைப்பை உயர்த்திப் பிடிப்பவரின் கேடயம். எவரும் காரணம் சொல்லாமல் காட்சியை நிறுத்த உதவும் எக்ஸ் அட்டையை ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் 2013இல் முன்வைத்தது இத்தளத்துக்காகத்தான். ஆட்டப்பாணி எதுவாயினும் அந்த அட்டை மேசையில் செல்லும்.

ஆகவே அறிவிப்பு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நாடகப் பாணி பிடிக்குமானால் ‘நாடகப் பாணி ஆட்டம்’ என்று எழுதுங்கள். அது விருப்பம், எவரும் குறைகூற இயலாது. நடத்தை குறித்த கவலை இருந்தால் நடத்தை விதிகளை எழுதுங்கள். ‘முதிர்ச்சியுள்ள’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் வரியில் இடம் மிஞ்சும். அந்த இடத்தில், ‘கன்னடத்திலும் தமிழிலும் பேசலாம், புரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்’ என்று சேர்த்துவிடுங்கள்.