நெசவாளிக்கும் பஞ்சப்படி வேண்டும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில், வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பட்டு நூல் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தைக் காண்பவருக்கு, பாரசீக வளைகுடாவில் மூளும் யுத்தத்துக்கும் இந்த இழைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றக்கூடும்.

சம்பந்தம் மிக நெருக்கமானது. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசை போக்கினால்தான் அதற்குப் பளபளப்பு வரும். அந்த அடுப்புக்கு எரிபொருள் வேண்டும். ஏற்றுகிற சாயம் பெரும்பாலும் பெட்ரோலிய ரசாயனங்களிலிருந்து பிறப்பது. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் டீசல் லாரியில் ஏறி வருகின்றன. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நம் தேசம் வெளியிலிருந்தே வாங்குவதால், ஹோர்முஸ் ஜலசந்தியில் கப்பல்கள் தயங்கினால் ஆரணிச் சாயப்பட்டறையின் கணக்கும் மாறிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. யுத்த பயம் பரவியதும் பணமுடையோர் தங்கத்தையும் வெள்ளியையும் நாடுகிறார்கள். அசல் சரிகைக்கோ உடம்பு வெள்ளி, மேற்பூச்சுத் தங்கம். சரிகை விலை ஏறுகிற அதே மாதத்தில், கல்யாண வீட்டார் பவுனுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கொண்டுதான் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறார்கள். உற்பத்திச் செலவு கூடி, வாங்குகிறவர் கை சுருங்கும் இந்த இரட்டை நெருக்கடியைப் பட்டு நெசவைப் போல அனுபவிக்கும் தொழில்கள் சிலவே.

இது புதிதன்று. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அடுத்த ஆண்டே நம் நாட்டில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் எகிறியது. 1990-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோதும் எண்ணெய் விலை ஏறியது. அந்த நெருக்கடியில் மறு வருஷம் சர்க்கார் தங்கத்தை அடகு வைத்தது. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டபின், ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட, ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக உயர்த்தி 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கிற்று.

வங்கி தன் கடமையைச் செய்தது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ரெப்போ வட்டி தறிக்குழிக்குள் இறங்குவதில்லை. முதலாளியிடம் முன்பணம் பெற்று, சேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய கூலிக்கு நெய்கிறவர், பாவு முடிவதற்குள் சிலிண்டரும் எண்ணெயும் விலை ஏறினாலும் பழைய கூலியையே வாங்குகிறார். பணவீக்கம் பிறகு தணிந்தாலும் ஏறிய விலை இறங்குவதில்லை. ஏறும் வேகம்தான் குறைகிறது. தேசம் ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதம் வளர்கிறது என்று படிக்கும்போதெல்லாம், பிள்ளைகளைத் தறியில் உட்காரவைக்க மனமில்லாத பெற்றோரின் முகமே எனக்கு நினைவில் எழுகிறது.

சர்க்கார் ஊழியருக்கு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி வருஷத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி கணக்கிடப்படுகிறது. அது நியாயம். அதே குறியீடு நெசவுக் கூலியையும் ஏன் தொடக்கூடாது? தேங்கிய சரக்கைக் காட்டி முதலாளிகள் தயங்குவார்கள்; அந்தச் சிரமமும் மெய்யே. ஆகையால் முதற்படியைக் கூட்டுறவுச் சங்கங்களும், 1935 முதல் அவற்றின் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸும் எடுக்கட்டும். சரிகை விலை தாவும் மாதங்களில் சங்கங்களுக்குப் பழைய விலையிலேயே சரிகை கிடைக்க மாநில அரசு வித்தியாசத்தை ஏற்கட்டும். அடுத்த கூலி ஒப்பந்தத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துக் கூலி திருத்தப்படும் என்ற ஒரு வரி எழுதப்பட வேண்டும்.