யூரின் டெஸ்ட் 'நார்மல்'னா நிம்மதியா இருக்கலாமா?

"யூரின்ல புரோட்டீன் இல்லை, பயப்படாதீங்க!" - பி.பி ஏறிய கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் இந்த ஆறுதல், பாதி உண்மைதான்.

20 வாரத்துக்குப் பிறகு பி.பி 140/90-ஐ எட்டினா, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான ப்ரீஎக்லாம்ப்சியாவானு பார்க்க யூரின் டெஸ்ட் எடுப்பாங்க. ஸ்ட்ரிப் டெஸ்ட் முதல்கட்டம் மட்டுமே. நிறைய தண்ணீர் குடிச்சு சிறுநீர் நீர்த்திருந்தா, புரோட்டீன் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தா புரோட்டீன் - கிரியேட்டினின் விகிதம் பார்க்கணும், 0.3-ஐ தொட்டாலே உஷார்.

இந்த நோயை உறுதிசெய்ய புரோட்டீன் கட்டாயமில்லைனு அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே விதியை மாத்திடுச்சு. உயர் பி.பி-யோடு பிளேட்லெட் குறைஞ்சாலோ, கல்லீரல், கிட்னி பாதிக்கப்பட்டாலோ ப்ரீஎக்லாம்ப்சியாதான்.

அதனால ஸ்ட்ரிப் 'நில்' காட்டினாலும், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தா அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "ரத்தப் பரிசோதனை தேவையா டாக்டர்?"னு கேளுங்க.