கோப்புகளைத் திறவுங்கள்: மட்டக்களப்பிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் சட்டமா அதிபருக்கும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் சிற்றுண்டிக்காக வெளியே வந்திருந்தார்கள். பையோடு வந்த முன்பின் தெரியாத ஒருவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் வாசலிலேயே மறித்து விசாரித்தார். அவர் மறித்திராவிட்டால் உள்ளே நிறைந்திருந்தவர்களின் கதி என்னவென்று நினைக்கவே முடியவில்லை. ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடத்தில் அவன் குண்டை வெடிக்க வைத்தான். முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் பற்றி எரிந்தன. எங்கள் ஊரில் 31 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் பிள்ளைகள். அதற்குச் சற்று முன்னர்தான் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்திருந்தன.

அன்றிலிருந்து எங்களுக்குப் பதில் வரவில்லை, கதைகள்தான் வந்தன. குண்டுதாரிகளில் ஒருவனின் மனைவி சாரா உயிரோடு இந்தியாவில் இருக்கிறாள் என்றது ஒரு கதை. எல்லாம் தேர்தலுக்காகப் புலனாய்வுக்காரர் செய்த வேலை என்றது இன்னொன்று. வெளிநாட்டுச் சதி என்றவர்களும் உண்டு. பிள்ளையை அடக்கம் செய்த ஒரு தாய் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரி கைபேசியை நீட்டி, “இது மெய்தானாகா?” என்று கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் யாரோ பேசி அனுப்பிய குரல்பதிவு. அந்தத் தாய்க்கு என்ன தெரியும்? அவளும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டபடிதான் வீடு வந்து சேர்கிறாள்.

இந்தக் கதைகளையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. அப்படியே விழுங்கவும் மாட்டோம். ஒளித்து வைத்தவர்கள் இருந்ததால்தான் ஊகித்தவர்கள் உண்டானார்கள். ஆகவே இன்னார்தான் குற்றவாளி என்று எழுதித் தருமாறு நாங்கள் கேட்கவில்லை. ஆவணத்தைத் தாருங்கள். நாங்கள் இதுவரை நம்பி வந்ததை அது பொய்யாக்கினாலும் சரி.

வவுணதீவிலிருந்து தொடங்குங்கள். 2018 நவம்பர் 30 அதிகாலை, அங்கிருந்த காவலரணில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். பழி உடனே முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. கிளிநொச்சி வரை தேடிப்போய்ப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பில் கிடந்தார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான், அந்தக் கொலைகளைச் செய்தது அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய வந்தது. அந்த ஐந்து மாதங்களில் யார் கையில் ஆயுதம் இருந்தது, யார் கையில் விலங்கு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சரியான திசையில் தேடியிருந்தால் சீயோனின் பிள்ளைகள் இன்று எங்கே படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நாங்கள் நினைக்காத நாளில்லை. அந்த விசாரணையைத் தவறான திசைக்குத் திருப்பியது அசட்டையா, அறிந்தே செய்ததா? யாருடைய அறிக்கையின் பேரில் அவர்கள் கைதானார்கள்? அந்தக் கோப்பைப் பக்கம் பக்கமாக வெளியிட வேண்டும். தவறாகத் தடுத்து வைக்கப்பட்டவரிடம் அரசு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்தது எச்சரிக்கைகள். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு சஹ்ரான் பொலிசாரால் தேடப்பட்டவன். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லு தென்னந்தோப்பில் வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி தாக்குதல் திட்டம் பற்றி இந்தியாவிலிருந்து பெயர் குறிப்பிட்டே தகவல் வந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி கடிதமாக உயரதிகாரிகளுக்குச் சுற்றறிக்கையானது. முக்கியஸ்தர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்குக்கூட எட்டிய கடிதம் தேவாலயங்களின் போதகர்களுக்கும் பாதிரியார்களுக்கும் எட்டவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதைப் பொறுப்புத் தவறியதாகவே தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், பொலிஸ் மா அதிபராயிருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராயிருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலாளராயிருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவராயிருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடியும் நட்டஈடாகக் கொடுக்க உத்தரவிட்டது. அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில், இவர்களில் ஹேமசிறியும் பூஜித்தும் மேல் நீதிமன்றத்தில் 855 குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலையாகியிருந்தார்கள். நட்டஈடு கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடிதம் எந்தெந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, படித்தவர் யார், படித்துவிட்டு மூடி வைத்தவர் யார் என்று ஆள்வாரியாகச் சொல்ல வேண்டும்.

புலனாய்வுத் துறைக்கும் குண்டுதாரிகளுக்கும் தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சியில், கிழக்கின் அரசியல் கட்சியொன்றின் முன்னாள் பேச்சாளர் அசாத் மௌலானா பேசினார். 2018இல் புத்தளம் பக்கத்தில் சஹ்ரானின் குழுவினருக்கும் இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் இடையே சந்திப்பு நடந்தது, அதை ஒழுங்கு செய்தது தானே என்றார். சலே அதை முற்றாக மறுத்தார், அக்காலத்தில் தான் மலேசியாவில் இருந்ததாகச் சொன்னார். ஒருவர் சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். இதில் எவரை நம்புவது என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டியதில்லை. குடிவரவுப் பதிவு, தூதரகப் பதிவு, தொலைபேசிப் பதிவு மூன்றும் அரசின் கையில்தான் இருக்கின்றன. அவற்றை நீதிமன்றத்தின் முன் வையுங்கள். சாட்சி சொல்ல வருபவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உயிர்ப் பாதுகாப்புக் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதியான விசாரணை கொடுங்கள். தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னார், நவம்பரில் வென்றார். இதை வைத்தே பலர் முடிவு கட்டுகிறார்கள். காலம் பொருந்துவது சந்தேகத்துக்கு இடம் தரும், சாட்சியமாகிவிடாது. இதை நாங்கள் எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். அதேவேளை, அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, தாக்குதலை விசாரித்துவந்த குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் அப்போதைய பணிப்பாளர் ஷானி அபேசேகர ஏன் இடமாற்றப்பட்டார் என்ற கேள்வியை ஒருபோதும் கைவிட மாட்டோம்.

சாரா விவகாரத்தில் எங்களுக்கு நேரடியான தேவை இருக்கிறது. அவள் எங்கள் மாவட்டத்துப் பெண். கட்டுவாப்பிட்டியவில் வெடித்தவனின் மனைவி. ஏப்ரல் 26 இரவு, குண்டுதாரிகளின் குடும்பத்தினர் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டில் குண்டு வெடித்தபோது அவளும் செத்தாள் என்கிறது பொலிஸ். முதல் இரண்டு மரபணுப் பரிசோதனைகளில் பொருந்தவில்லை என்றார்கள். 2023இல் மூன்றாவது பரிசோதனைக்குப் பிறகு பொருந்துகிறது என்றார்கள். இரண்டு தடவை இல்லை என்று சொல்லி மூன்றாம் தடவை ஆம் என்றால், சந்தேகப்படும் சனத்தைக் குறை சொல்ல முடியுமா? மூன்று அறிக்கைகளையும், மாதிரிகள் எங்கிருந்து எப்படி எடுக்கப்பட்டன என்ற விபரத்தையும் வெளியிடுங்கள். அரசுக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் மறுபரிசோதனை செய்யுங்கள். முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம்.

ஒளிப்பு என்ன செய்யும் என்பதை எங்கள் மண்ணிலேயே பார்த்தோம். 2019 ஓகஸ்டில், சீயோனில் வெடித்தவனின் உடற்பாகங்களை ஊருக்கே சொல்லாமல் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைத்தார்கள். தெரிய வந்ததும் சனம் தெருவுக்கு இறங்கியது. கண்ணீர்ப்புகை அடித்தார்கள், ஆட்களைப் பிடித்தார்கள். கடைசியில் தோண்டித்தான் எடுத்தார்கள். முதலே கூப்பிட்டுப் பேசியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திராது.

கதைகளால் அடிபட்டவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அந்த மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு முஸ்லிம் மருத்துவர் மேல் பத்திரிகையில் புரளி கிளப்பி அவரைச் சிறையிலும் அடைத்தார்கள்; அதில் உண்மை இருக்கவில்லை. கவிதைப் புத்தகம் எழுதிய ஒரு இளம் ஆசிரியரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒன்றரை வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள்; 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. காத்தான்குடிக் கடைகளுக்குப் போவதை எங்களில் பலர் நிறுத்தினோம். எத்தனையோ வருடம் கடனுக்குத் துணி தந்த முதலாளியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் நடந்தோம். அதற்காக வெட்கப்படுகிறோம். எங்கள் பிள்ளைகளின் பெயரால் இன்னொருவரின் பிள்ளை சிறைக்குப் போவதை நாங்கள் கேட்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும். அதே குணத்தோடு புதுப் பெயரில் ஒரு சட்டம் வரக் கூடாது. ஆதாரமின்றி அடைபட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும்.

தாக்குதல்களை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் ஜனாதிபதியிடம் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு இன்னொரு குழு, அதற்குப் பிறகு மற்றொன்று. 2024 ஒக்டோபரில் அந்தக் குழு அறிக்கைகளை ஒரு முன்னாள் அமைச்சர் ஊடகங்களுக்கு முன் வெளியிட்டார். செத்தவர்களின் பெற்றோருக்கு அரசு நேராகக் கொடுக்க வேண்டியதை அரசியல்வாதி ஒருவர் தன் வசதிக்கு எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? 2025 ஏப்ரலில் ஆணைக்குழு அறிக்கை குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டதை வரவேற்கிறோம். இனி எல்லாத் தொகுதிகளும், சாட்சியப் பதிவுகளோடு, மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். சாட்சிகளின் பாதுகாப்புக்காக ஏதாவது மறைக்கப்பட வேண்டுமானால், எந்தப் பக்கம், என்ன காரணம் என்று ஒரு நீதிபதி எழுதிக் கையெழுத்திடட்டும். அரசுக்காக வாதாடும் சட்டமா அதிபரே அரச அதிகாரிகள் மேல் வழக்குத் தொடுக்கும் ஏற்பாடு போதாது. சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகத்தை அமையுங்கள்.

கட்சிக்காரர்களே, உயிர்த்த ஞாயிறைத் தேர்தல் மேடைக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, பெயர்கள். முதலில் 359 பேர் என்றார்கள். சில நாளில் 253 என்று குறைத்தார்கள். பிறகு காயத்தால் இறந்தவர்கள் சேர்ந்தார்கள். இன்றுவரை ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு எண். ஆறு இடங்களிலும் அன்று போனவர்கள், பின்னர் ஆஸ்பத்திரியில் போனவர்கள் எல்லோருடைய பெயரும் கொண்ட ஒரே பட்டியலை அரசாங்கம் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். உடம்பில் சன்னத்தோடு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் இலவச சிகிச்சை என்று அதே வர்த்தமானியில் எழுத வேண்டும். பட்டியலில் எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் தமிழில், பெற்றோர் எழுதிக் கொடுக்கும் எழுத்துப்படியே வர வேண்டும். இதை அச்சுக்கு அனுப்புமுன் எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் உட்கார்ந்து பிழை பார்த்துத் தருகிறோம்.