டம்பெல் வாங்க முதல் கதிரையில் தொடங்குவோம்



சுபஹுக்குப் பிறகு நமது கடற்கரையில் நடப்பவர்களைக் காணும்போது சந்தோசம். அதேநேரம் பள்ளியில் கதிரையில் இருந்து தொழுபவர்களையும் காண்கிறோம். நடை இதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் 2 நாளாவது தசைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல்.

நாமோ உற்சாகத்தில் முதலில் பெரிய மெஷினை வாங்குகிறோம். மூன்றாம் மாதம் அதில் உடுப்புக் காய்கிறது.

ஆகவே முதல் மாதம் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்பதே நமது கருத்து. ஆடாத கதிரையில் கை பிடிக்காமல் இருந்து எழும்புவோம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவோம். 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 1.5 கிலோ; காய்ந்த மணல் நிரப்பினால் 2 கிலோவைத் தாண்டும்.

ஒரு மாதம் விடாமல் செய்தவர் பிறகு வாங்கட்டும்: ஒரு றப்பர் பாண்ட், அல்லது தட்டுக்களைக் கழற்றிப் பூட்டும் டம்பெல் ஒரு சோடி. 12 தரம் தூக்கும்போது கடைசி இரண்டும் கஷ்டமாக இருந்தால் அதுதான் உங்களுக்கான பாரம். மூச்சை அடக்க வேண்டாம். பிரஷர், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

இது வாலிபர்களுக்கு மட்டுமான விசயமல்ல. ஜிம் பக்கமே போகாத நமது உம்மாமாருக்குத்தான் முழங்கால் முதலில் தளர்கிறது. இன்று அஸருக்குப் பிறகு 10 தரம் கதிரையில் இருந்து எழும்பிப் பாருங்கள். உம்மாவையும் கூப்பிடுங்கள்.