வளையம் பெரிதாக இருந்தால் போதுமா?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு மணிலாக் கொல்லை. களை எடுக்கும்போது உங்கள் தங்கக் கம்மல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் காட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்குகிறீர்கள். "பெரிய வளையமாகப் போடுங்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! பதினைந்து அங்குல வளையம் ஆழம் பார்க்கும், வாஸ்தவம். ஆனால் கம்மல் போன்ற பொடிச் சாமான் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஐந்தாறு அங்குல வளையமே இதற்குச் சரி. ஆணியும் தகரமும் இறைந்த இடத்தில் பிரித்துக் காட்டுவதும் அதுதான்.

செம்மண்ணாயிருந்தால் மண்ணிலுள்ள இரும்பே கருவியைக் கூச்சலிட வைக்கும். ஆகையால் அதே கொல்லையின் ஓரத்தில், மிஞ்சிய கம்மலை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, இரு வளையங்களையும் ஓட்டிப் பாருங்கள். (கம்மலில் நூல் கட்டுங்கள், அம்மா, அதுவும் போய்விடப் போகிறது!) மண்வெட்டி தள்ளியே இருக்கட்டும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேடிய கிரகாம் பெல்லின் கருவியையே கட்டிலின் கம்பிச் சுருள்கள் குழப்பினவாம்.

கம்மலுக்குப் பதில் பழங்காசுக் குடம் கிடைத்தால்? பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துச் சட்டம். செஞ்சிக் கோட்டைக்குள் மட்டும் கருவியோடு நுழையாதீர்கள்; அங்கே அனுமதியின்றித் தோண்டுவதே குற்றம்.